பிராக் நகரில் மூன்று நாள்: நண்பர்களோடு போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

செக் நாட்டுத் தலைநகர் பிராக்கில் முதன்முறை போகிறவர்கள் பார்க்க நினைப்பதெல்லாம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். மேற்கே குன்றின் மேல் கோட்டை, கீழே வல்தாவா நதி, அதைக் கடந்தால் பழைய நகரம், அதற்குத் தெற்கே வென்சஸ்லாஸ் சதுக்கம். இரண்டரை நாளுக்கு இதைவிட வசதியான ஊர் ஐரோப்பாவில் குறைவு. சிக்கலும் இதே வசதியில்தான் இருக்கிறது. வருகிற எல்லாரும் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அதே மூன்று கிலோமீட்டரில் முட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஆகவே எதைப் பார்ப்பது என்பதைவிட எதை எந்தக் கிழமையில், எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதுதான் இங்கே திட்டம். இந்த வழிகாட்டி நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழுவை மனத்தில் வைத்து எழுதியது.

கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள்

வெள்ளி மதியம் வந்து ஞாயிறு இரவோ திங்களோ கிளம்புவதுதான் பெரும்பாலோர் போடும் கணக்கு. அதில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. யூதர் பகுதியான யோசெஃபோவில் உள்ள ஜெபக்கூடங்களும் பழைய இடுகாடும் சனிக்கிழமை திறக்காது. யூதப் பண்டிகை நாள்களிலும் அப்படியே. கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயம் ஞாயிறு காலை வழிபாட்டுக்கானது, பார்வையாளர்களுக்கு மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். சனிக்கிழமை கோட்டை, ஞாயிறு யோசெஃபோவ் என்று வைத்தால் இரண்டும் கிடைக்கும். மாற்றி வைத்தால் சனிக்கிழமை பூட்டிய கதவு, ஞாயிறு காலை வெறும் காத்திருப்பு. வார நாளில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் திங்களன்று பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.

மாதம் என்று கேட்டால் ஏப்ரல் பிற்பகுதி முதல் மே வரை, அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. வெயில், கூட்டம் மட்டும் காரணமில்லை. இந்தத் திட்டத்தின் உயிர் விடியற்காலையில் இருக்கிறது. ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். அந்த நேரத்துக்கு ஆறு பேரை எழுப்புவது நடக்கிற காரியமில்லை. அக்டோபர் நடுவில் ஏழரையை ஒட்டி விடியும், எல்லாரும் எழுந்துவிடுவார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை அழகுதான், ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். பகல் எட்டு மணி நேரம்தான்.

விசாவும் காப்பீடும்

ஐரோப்பாவில் வேலை பார்த்துக்கொண்டு ஷெங்கன் நாட்டின் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றின்) குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு நேர ஒதுக்கீடு கிடைப்பதே பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

நண்பர்கள் குழு செய்யும் வழக்கமான தவறு ஒன்று: தங்குமிடத்தை ஒருவர் பெயரில் மட்டும் பதிவு செய்வது. மற்றவர்களின் விண்ணப்பத்தில் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லாமல் போகிறது. எல்லார் பெயரும் அச்சாகும்படி கேட்டு வாங்குங்கள். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால் அதிக இரவு தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். பிராக்கில் மூன்று இரவு, வியன்னாவில் நான்கு இரவு என்றால் அது ஆஸ்திரியாவின் விசா.

ஃபிராங்ஃபர்ட், வியன்னா போன்ற ஊரில் விமானம் மாறி வந்தால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடந்துவிடும். 2025 அக்டோபரில் ஐரோப்பிய எல்லைகளில் கைரேகை, முகப்படம் எடுக்கும் புதிய பதிவு முறை தொடங்கியிருக்கிறது. முதன்முறை வருகிறவர்களுக்கு வரிசை நீளும். ஒரு மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள். இரண்டரை மணி நேரமாவது விடுங்கள்.

எங்கே தங்குவது

பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டித் தங்க ஆசை வரும். இரவு இரண்டு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே கும்பல் பாடிக்கொண்டு போகும்போது அந்த ஆசை தீரும். டிராமில் பத்து நிமிடத் தூரத்தில் உள்ள வினோஹ்ராடி, கார்லீன், ஹொலெஷோவிட்ஸெ நல்ல பகுதிகள். சாப்பாட்டு விலையும் இறங்கும். நான்கு பேருக்கு மேல் என்றால் சமையலறையுள்ள அடுக்ககம் லாபம். பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் இருக்கிறதா, குளியலறை எத்தனை, சாவி யாரிடம் எப்படி வாங்குவது. நூறு வருடப் பழைய கட்டடங்களில் நான்காம் மாடிக்குப் படி ஏறுவது இங்கே சகஜம். ஆறு பேருக்கு ஒரே குளியலறை என்றால் விடியற்காலைத் திட்டத்தை மறந்துவிடலாம்.

நகராட்சிக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா தங்கல் வரி உண்டு. அது அறை வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் போடக் கூடாது என்பது சட்டம்; அக்கம்பக்கத்தார் காவல்துறையைக் கூப்பிடத் தயங்க மாட்டார்கள்.

பிளக் விஷயம்: செக் மின் துளையிலிருந்து ஒரு கம்பி முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம் ஊர் மூன்று முள் பிளக் நுழையாது. மெல்லிய இரண்டு முள் செல்போன் சார்ஜர் நுழையும். குழுவுக்கு ஒரு நல்ல அடாப்டரும் ஒரு நீட்டிப்புப் பலகையும் போதும்.

பணம்: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்

செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் நாணயம் கொருனா. ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 24, 25 கொருனா. யூரோவை வாங்கும் கடைகள் உண்டு; அவர்கள் வைத்ததுதான் விலை. அட்டையைத் தொட்டுக் கட்டும் வசதி எங்கும் இருக்கிறது. கழிவறை, சில பழைய பீர்க் கடைகள், சந்தைக் கடைகளுக்கு மட்டும் ரொக்கம் வேண்டும். ஆளுக்கு 1,000 கொருனா கையிலிருந்தால் மூன்று நாள் ஓடும்.

ரொக்கம் எடுக்க வங்கிக் கட்டடத்தோடு சேர்ந்த ஏடிஎம்முக்குப் போங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் இயந்திரங்கள் கட்டணமும் அதிகம், மாற்று விகிதமும் மோசம். எந்த ஏடிஎம் ஆனாலும், கடை இயந்திரமானாலும், 'உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா' என்று ஒரு திரை வரும். வேண்டாம், கொருனாவிலேயே கழி என்று அழுத்துங்கள். ஒப்புக்கொண்டால் விகிதத்தை உங்கள் வங்கி வைக்காது, அந்த இயந்திரத்துக்காரர் வைப்பார். இன்னொரு சின்ன வித்தை: 2,000 எடுத்தால் ஒற்றை நோட்டாக வந்து விழும், சில்லறை கிடைக்காது. 1,900 என்று கேளுங்கள்.

நாணய மாற்றுக் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்ப வேண்டாம். கமிஷனை விகிதத்திலேயே ஒளித்துவைக்கலாம். நூறு யூரோ கொடுத்தால் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டு, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வழி இருக்கிறது: 2019இல் வந்த சட்டத்தின்படி 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்யலாம். ரசீது இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. தெருவில் வந்து நல்ல விகிதம் தருகிறேன் என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். அவர் தருவது வேறொரு நாட்டின் செல்லாத நோட்டாக இருக்கும்.

குழுச் செலவுக்கு ஒரு முறை: முதல் நாளே ஆளுக்கு 1,500 கொருனா போட்டு ஒரு பொதுப் பர்ஸ். டிராம், கழிவறை, காபி, தண்ணீர் எல்லாம் அதிலிருந்து. ராத்திரிச் சாப்பாடும் மதுவும் பொதுப் பர்ஸில் சேரக் கூடாது. குடிக்காதவர் ஐந்து பேரின் பீருக்குப் பணம் கட்டும் நிலையில்தான் நட்பில் முதல் விரிசல் விழும்.

டிக்கெட்டும் டிராமும்

விமான நிலையத்திலிருந்து 59ஆம் எண் டிராலிபஸ், நாத்ராஜி வெலெஸ்லாவீன் என்ற மெட்ரோ நிலையத்துக்கு வரும். அங்கிருந்து பச்சை நிற ஏ வழித்தடத்தில் பழைய நகரம் கால் மணி நேரத்துக்குள். பழைய வழிகாட்டிகளில் 119ஆம் எண் பேருந்து என்று இருக்கும். 2024இல் அதன் இடத்தை டிராலிபஸ் பிடித்துவிட்டது. ஆறு பேரும் பெட்டிகளும் என்றால் செயலி மூலம் வண்டி கூப்பிடுவதும் தலைக்கு அதிகம் ஆகாது. தெருவில் நிற்கும் டாக்சியில் மட்டும் ஏற வேண்டாம்.

மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 24 மணி நேர டிக்கெட்டின் விலை ஏறத்தாழ மூன்று 90 நிமிட டிக்கெட்டுக்குச் சமம். கோட்டைக்கு ஏறும் நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குவீர்கள் என்பதால் வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை 72 மணி நேர டிக்கெட்டே நிம்மதி. இது நாள் கணக்கில்லை, முத்திரை குத்திய நிமிடத்திலிருந்து மணிக் கணக்கு.

அபராதம் கட்டுகிறவர்களில் பலர் டிக்கெட் வாங்கியவர்கள்தான். காகித டிக்கெட்டை மெட்ரோ வாசலிலோ வண்டிக்குள்ளோ இருக்கும் மஞ்சள் பெட்டியில் ஒருமுறை நுழைத்து நேரம் அச்சிட வேண்டும். அச்சில்லாத டிக்கெட் வெறும் காகிதம். இரண்டாம் முறை குத்தினால் கெட்டுவிடும். டிராமுக்குள் இருக்கும் அட்டை இயந்திரத்தில் வாங்கினால் நேரம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும், குத்த வேண்டாம். நகரப் போக்குவரத்தின் லீடாச்கா செயலியில் வாங்கினால், உயிர்ப்பித்த பிறகு செல்லுபடியாக ஓரிரு நிமிடம் ஆகும். பரிசோதகரைப் பார்த்த பிறகு அழுத்தினால் பயன் இல்லை. பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், கையில் உலோக வில்லை இருக்கும். ஆறு பேரும் ஆளுக்கொரு டிக்கெட் வைத்திருங்கள். ஒருவரிடம் எல்லாரின் டிக்கெட்டும் இருந்து அவர் முந்தைய டிராமில் போய்விட்டால் ஐந்து பேருக்கும் அபராதம்.

மெட்ரோ நள்ளிரவு வரை ஓடும். வெள்ளி, சனி இரவுகளில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல். அதன் பிறகு 90இல் தொடங்கும் எண்ணுள்ள இரவு டிராம்கள். இவை எல்லாம் லாஸார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும். யாராவது பிரிந்துபோனால் இரவில் கூட வேண்டிய இடம் அதுதான் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

வெள்ளி மாலை

வந்த அன்று எதற்கும் டிக்கெட் வாங்காதீர்கள். பெட்டியை வைத்துவிட்டு வென்சஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில், தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால் இறங்குங்கள். சதுக்கம் என்ற பெயர்தான். உண்மையில் முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள அகலத் தெரு. 1969 ஜனவரியில் மாணவர் யான் பாலாக், சோவியத் தலைமையிலான ஆக்கிரமிப்பை எதிர்த்து இங்கேதான் தீக்குளித்தார். அருங்காட்சியகத்தின் முன் நடைபாதையில் தரையோடு தரையாக வெண்கலச் சிலுவை ஒன்று புடைத்திருக்கும். யாரும் சொல்லாவிட்டால் மிதித்துக்கொண்டு போய்விடுவோம். 1989 நவம்பரில் லட்சக்கணக்கானோர் கூடி கம்யூனிஸ்ட் ஆட்சியை இறக்கியதும் இதே தெருவில்.

கீழே இறங்கிப் பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்தால் பத்து, பன்னிரண்டு நிமிடம். 1410இல் அமைத்த வானியல் கடிகாரத்தின் பொம்மைகள் காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொருமுறை அசையும். பகலில் இதன் முன்னால் நிற்பது வீண். இரவு 10 மணிக்கு முன்வரிசையே கிடைக்கும். எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும், மேல் ஜன்னல்களில் திருத்தூதர்கள் வரிசையாகத் தலைகாட்டுவார்கள், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட ஆகாது. 'இவ்வளவுதானா' என்று திரும்பும் கூட்டம் பார்க்காமல் போவது அந்த முகப்பைத்தான். சூரியன் எந்த ராசியில் நிற்கிறது, சந்திரன் என்ன பிறை, சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணும் பழைய செக் நேரம் என்ன என்று எல்லாம் காட்டுகிற சுழலும் பஞ்சாங்கம் அது. தமிழ் மாதக் கணக்கு தெரிந்தவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் அந்த நிமிடம்தான் ஜேப்படிக்காரர்களின் நேரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நகர மண்டபத்தின் கிழக்குப் பக்கத் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்து இங்கே மரண தண்டனை பெற்ற கிளர்ச்சித் தலைவர்களின் கணக்கு அது.

இந்தச் சதுக்கத்துக் கடைகளில் அனலில் சுழலும் பன்றித் தொடைக்கறி விற்பார்கள். பலகையில் இருப்பது 100 கிராம் விலை. நீங்கள் 'ஒன்று' என்றால் அவர் வெட்டித் தருவது 300 கிராமும் இருக்கலாம். எத்தனை கிராம் என்பதை நீங்களே சொல்லுங்கள். உருளையில் சுற்றிச் சுடும் டிர்டெல்னிக் என்ற இனிப்பு ரொட்டியைப் 'பழைய பிராக் பலகாரம்' என்பார்கள். சூடாக இருந்தால் ருசிதான், ஆனால் அந்தப் பாரம்பரியம் பிராக்குடையது அல்ல.

சனிக்கிழமை: பாலம், பிறகு மலை

விடியலுக்குக் கால் மணி முன்பு சார்லஸ் பாலத்தின் பழைய நகர முனையில் நில்லுங்கள். 516 மீட்டர் நீளம், ஏறத்தாழ பத்து மீட்டர் அகலம், இருபுறமும் 30 சிலைக் கூட்டங்கள். நான்காம் சார்லஸ் மன்னர் அடிக்கல் நாட்டியது 1357ஆம் ஆண்டு, ஒன்பதாம் நாள், ஏழாம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு என்று சொல்வார்கள். 1-3-5-7-9-7-5-3-1 என்று ஏறி இறங்கும் எண்வரிசை. ஜோதிடர் குறித்த முகூர்த்தமாம். நமக்குப் புதிய விஷயமில்லை. சிலைகளில் பல நகல்கள்; மழையிலும் வெயிலிலும் கெட்டுப்போகாமலிருக்க மூலச் சிலைகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். 1683இல் வைத்த, பாதிரியாராக இருந்து புனிதரான நெபோமுக் யோவானின் சிலைதான் பாலத்தில் மிகப் பழையது. 1393இல் அவரை இங்கிருந்துதான் நதியில் வீசினார்கள். சிலையடியில் கை பட்டுப் பட்டுப் பளபளக்கும் வெண்கலப் பட்டயத்தைத் தொட்டால் மீண்டும் பிராக் வருவீர்கள் என்பது நம்பிக்கை. ஒன்பதரைக்கு மேல் அதைத் தொடவே வரிசை.

ஏழு, எட்டு மணி வாக்கில் கோட்டை அடிவாரப் பகுதியான மாலா ஸ்ட்ரானா பக்கம் இறங்கிக் காலையுணவு. பிறகுதான் முக்கியமான யோசனை: கோட்டைக்கு நடந்து ஏறாதீர்கள். பெரும்பாலோர் பாலத்திலிருந்து செங்குத்தான கல்பாவிய தெருவில் மூச்சு வாங்க ஏறி, கூட்டத்தோடு வாசலுக்குப் போய்ச் சேருகிறார்கள். நீங்கள் மாலோஸ்ட்ரான்ஸ்கே நாமியஸ்டி நிறுத்தத்தில் பீலா ஹோரா பக்கம் போகும் 22ஆம் எண் டிராமில் ஏறி, 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தையும் தாண்டி, பொஹொர்ஷெலெட்ஸில் இறங்குங்கள். கோட்டையைவிட உயரமான இடம் அது. அதன் பிறகு நாள் முழுக்க இறக்கம்தான். முழங்கால் வலிக்கிறவர் ஒருவராவது எந்தக் குழுவிலும் இருப்பார். அவருக்கும் இது தாங்கும். டிராமில் நெரிசல் இருக்கும், முதுகுப்பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

பொஹொர்ஷெலெட்ஸிலிருந்து இரண்டு நிமிடத்தில் ஸ்ட்ராஹோவ் மடம். அதன் நூலகக் கூடங்கள் இரண்டையும் வாசலில் நின்றுதான் பார்க்க முடியும். காற்றின் ஈரம் மாறினால் ஓவியக் கூரையும் புத்தகங்களும் கெடும். மடத்துக்குப் பின்னால் பழத்தோட்டச் சரிவிலிருந்து ஊர் முழுக்கச் செங்கூரையாகத் தெரியும். குழுப் படம் எடுக்க வேண்டிய இடம் இது.

அங்கிருந்து இறங்கிக் கோட்டைக்குள் நுழையுங்கள். பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் தேவாலயம், பொற்சந்து நான்குக்கும் ஒரே டிக்கெட், இரண்டு நாள் செல்லும். இணையத்தில் வாங்கிவிட்டால் ஒரு வரிசை குறையும். முற்றங்களில் நடக்க டிக்கெட் வேண்டாம். பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள். இடப்புறம் மூன்றாவது ஜன்னலில் செக் ஓவியர் முகாவின் வண்ணக் கண்ணாடி இருக்கிறது. காலை வெளிச்சத்தில் பாருங்கள். பழைய அரண்மனையின் விளாடிஸ்லாவ் கூடத்தில் குதிரைமேல் ஈட்டிப் போட்டியே நடத்தினார்கள். அதற்காகக் குதிரை ஏறும் அகலப் படிக்கட்டு தனியே உண்டு. 1618இல் இரண்டு அரச அதிகாரிகளையும் அவர்களின் செயலரையும் ஜன்னல் வழியே வீசியதும் இதே அரண்மனையில்தான். மூவரும் பிழைத்தார்கள், ஐரோப்பா பிழைக்கவில்லை: முப்பதாண்டுப் போர் அதில் தொடங்கியது. பொற்சந்தின் 22ஆம் எண் குட்டி வீட்டில் 1916, 17இல் எழுத்தாளர் காஃப்கா உட்கார்ந்து எழுதினார்.

நண்பகல் காவலர் மாற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இசைக்குழு உண்டு, ஆனால் முன்வரிசைக்கு அரை மணி நேரம் நிற்க வேண்டும். மணிக்கொருமுறை நடக்கும் சின்ன மாற்றம் போதும்.

கோட்டையின் கிழக்கு வாசல் வழியாகப் பழைய படிக்கட்டில் இறங்கினால் மாலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ. அதை ஒட்டி வால்ட்ஸ்டைன் தோட்டம்: கோடைக் காலத்தில் மட்டும் திறப்பு, இலவசம், மயில்கள் உலவும். அங்கிருந்து காம்பா தீவு, பாடகர் ஜான் லெனான் பெயரிலான ஓவியச் சுவர் எல்லாம் நடைத் தூரம். பெட்ரின் குன்றின் கம்பி ரயில், புதுப்பிப்பு வேலைக்காக 2024 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் 1891ஆம் ஆண்டுக் கோபுரத்துக்கு 299 படி. காலையில் ஸ்ட்ராஹோவ் காட்சி கண்டவர்கள் விட்டுவிடலாம்.

மாலை லெட்னா பூங்கா. கஷ்கொட்டை மரங்களடியில் நீள மேசைகள், கீழே நதியும் பாலங்களும். பக்கத்தில் இசைக்குத் தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமின் பெரிய வடிவம் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அந்தப் பீடத்தில் முன்பு நின்றது ஸ்டாலினின் மாபெரும் சிலை. 1962இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

சாப்பாடு

ஐந்து பேருக்கு மேல் வெள்ளி, சனி இரவு மேசை கிடைக்காது. இரண்டு நாள் முன்பே பதிவு செய்யுங்கள். பீர்க் கடைகளில் அந்நியரோடு மேசையைப் பகிர்வது வழக்கம். 'யே டு வோல்னோ?' என்று கேட்டு உட்காரலாம். பணியாளர் ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வருவார். அதுதான் உங்கள் கணக்கு, தொலைக்காதீர்கள். குவளை காலியானால் கேட்காமலே அடுத்தது வரும் கடைகளும் உண்டு. போதும் என்றால் வாய் திறந்து சொல்லுங்கள். பட்டியலில் 10, 12 டிகிரி என்று இருப்பது போதையின் அளவு அல்ல, நொதிக்கும் முன்பு கரைசலில் இருந்த சத்தின் அளவு. ஆல்கஹால் முறையே ஏறத்தாழ 4, 5 சதவீதம். மேசையில் கேட்காமல் வைக்கும் ரொட்டிக்கும் காசு. சேவை பிடித்திருந்தால் பத்து சதவீதம் வைக்கலாம். கணக்குக் கேட்க: 'ஸாப்லாட்டீமெ'.

சைவர்களுக்கு: 'பெஸ் மசா' என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் சூப்பில் எலும்புச் சாறும் வதக்கலில் பன்றிக் கொழுப்பும் இருக்கலாம், தனியே கேளுங்கள். பொரித்த பாலாடைக்கட்டியான ஸ்மஷெனி சீர் எங்கும் கிடைக்கும். மூன்று வேளை அதையே தின்றால் வயிறு கேட்காது. சுத்த சைவ உணவகங்களும் இந்திய உணவகங்களும் நகரில் உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க: ஸ்விச்கோவா என்ற புகழ்பெற்ற பாலேட்டுக் குழம்பு மாட்டிறைச்சி, குலாஷும் பெரும்பாலும் அப்படியே. வார நாளில் 11 முதல் 2 வரை மதியச் சாப்பாட்டுப் பட்டியல் தனியே இருக்கும், விலை பாதியளவுக்கு இறங்கும். சனி, ஞாயிறு அது கிடையாது. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பழைய நகரில் பல தெருக்களில் வெளியே நின்று குடிக்கத் தடை. ஒரு வழிகாட்டி பின்னால் கடை கடையாகப் போகும் இரவுக் குடிச்சுற்றுலாவை 2024இல் நகராட்சி தடை செய்துவிட்டது. சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் துளி மது ஆகாது.

ஞாயிறு: யோசெஃபோவும் நதிக்கரையும்

காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே பிங்காஸ் ஜெபக்கூடத்தில் இருங்கள். நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 பொஹிமிய, மொராவிய யூதர்களின் பெயர்களைச் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கிறார்கள். கூட்டம் வருவதற்கு முன் அந்த அமைதியில்தான் பார்க்க வேண்டும். அடுத்து பழைய இடுகாடு. மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டு. இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றாக மண் போட்டுப் புதைத்ததால் ஏறத்தாழ 12,000 கற்கள் சாய்ந்து நெருங்கிக் கிடக்கின்றன. ஆண்கள் தலையை மூட வேண்டும். தொப்பி எடுத்துப் போங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பழைய-புதிய ஜெபக்கூடமும் உங்கள் டிக்கெட்டில் சேர்ந்ததா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

இடுகாட்டிலிருந்து நதிப் பக்கம் திரும்பினால் யான் பாலாக் சதுக்கம். அங்கே நிற்பது சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். 1348இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து, தமிழ் கற்பித்தவர் கமில் சுவலபில். 1927இல் இதே ஊரில் பிறந்தவர். 1968 ஆகஸ்டில் டாங்கிகள் நுழைந்த பிறகு நாட்டைவிட்டுப் போனார். தமிழர் குழு இரண்டு நிமிடம் நிற்கத் தகுந்த வாசல்.

மதியத்துக்கு முன் பழைய ஜேசுயிட் கல்லூரி வளாகமான கிளெமெண்டினம். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம், 172 படி, லிஃப்ட் இல்லை. 1775 முதல் இடைவிடாமல் இங்கே வெப்பநிலை குறித்துவருகிறார்கள். கோபுர உச்சி, நகர மண்டபக் கோபுரத்தைவிட நெரிசல் குறைந்தது. படி ஏற முடியாதவர்கள் நகர மண்டபத்துக்கே போகட்டும், அங்கே லிஃப்ட் உண்டு. குழு இரண்டாகப் பிரிய இது நல்ல தருணம். மூன்று நாளும் ஆறு பேர் ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டியதில்லை.

பிற்பகல் சிவப்பு மெட்ரோவில் விஷெஹ்ராட். கோட்டை மதில் மேல் நடை, இசையமைப்பாளர்கள் டிவோர்ஷாக், ஸ்மெட்டனா, ஓவியர் முகா மூவரும் உறங்கும் இடுகாடு, கீழே நதி வளைவு. நகரவாசிகள் குழந்தைகளோடு வரும் இடம் என்பதால் சுற்றுலா நெரிசல் இல்லை.

நான்காம் நாள் இருந்தால்

குட்னா ஹோரா போங்கள். பிராக் பெரிய ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். குட்னா ஹோரா பெரிய நிலையத்தில் இறங்கி பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் செட்லெட்ஸ் எலும்பு மண்டபம். 40,000 பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகளால் ஆன சரவிளக்கும் அடுக்குகளும். டிக்கெட் மண்டப வாசலில் கிடைக்காது, பக்கத்துத் தகவல் மையத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளே படமெடுக்கத் தடை. 1388இல் தொடங்கிய புனித பார்பரா பேராலயம் ஊரின் மறுமுனையில், இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல். நடக்கலாம், பஸ்ஸும் உண்டு. இரவு விமானம் என்றால் திரும்பும் ரயிலுக்கும் விமான நேரத்துக்கும் இடையே ஆறு மணி நேரம் விடுங்கள். பெட்டிகளைப் பிராக் நிலையத்தின் பூட்டறைகளில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். அதற்குச் சில்லறை நாணயங்கள் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள்.